கொச்சிக்கு ஓர் ஒத்திகை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, சிந்தாதிரிப்பேட்டையில், மோட்டார் பம்ப் வாஷர்கள் மாலை மாலையாகத் தொங்கும் தன் கடைக்குள் நின்றுகொண்டு டில்லிபாபு ஒரு சபதம் செய்தான். இந்த மாதம் முடிவதற்குள் கொச்சியைப் பார்த்தே தீருவது.

சாட்சிக்குப் பக்கத்துக் கடை உமர் ஃபாரூக் இருந்தான். இரண்டு டீயும் இருந்தது.

"தண்ணி மச்சி, சுத்தியும் தண்ணி," என்றான் உமர். "காலைல ஜன்னலைத் தொறந்தா தண்ணி. அந்தாண்ட போவணும்னா பஸ்ஸு கெடையாது, படகு. கரையில பெரிய பெரிய வலையைக் கட்டித் தொங்கவுட்டுக்கினு இருப்பானுங்க. நாம நாற்காலி போட்டுக் குந்திக்கினு மீன் சாப்ட்டுக்கினே பாக்கலாம்."

"நம்மாண்டயுந்தான் கூவம் கீது."

"அதுக்கு ஜன்னலை மூடணும் மச்சி."

இரண்டே நாள். இரண்டே பேர். மனைவி, மக்கள், மளிகை லிஸ்ட் எதுவும் கிடையாது. அதுதான் சபதத்தின் உயிர்நாடி. உமர் தன் மனைவி ஷாகிராவிடம் கம்பெனி மீட்டிங் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தான்.

"எந்தக் கம்பெனி?" என்றான் டில்லிபாபு.

"அதை அவ கேட்டாக்கா யோசிச்சுக்கலாம். நீ லதாகிட்ட இன்னா சொல்லப் போற?"

டில்லிபாபு டீ டம்ளரைக் கீழே வைத்தான். பெரிய யோசனைகளைச் சொல்லும்போது அவன் கையில் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

"நான் பொய்யே சொல்ல மாட்டேன். வா, கொச்சிக்குப் போலாம்னு அவளைக் கூப்பிடுவேன்."

உமருக்குப் புரையேறியது.

"கூப்பிடுவேன். அவ வர மாட்டா. அவ்ளோதான்."

இந்த இடத்தில் ஸ்வர்ணலதாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் சாந்தோம் பக்கம் ஒரு கான்வென்ட்டில் படித்தவள். பேச்சுப் போட்டியில் கப் வாங்கியவள். ஸ்கூட்டரில் ஒரு கையை விட்டு ஓட்டியவள். பதினாலு மாதத்துக்கு முன்னால் மகள் தமிழ்மொழி பிறந்தாள். அன்றிலிருந்து லதாவுக்கு உலகத்தில் எல்லாமே பயம். திராட்சைப் பழத்தை எட்டாக நறுக்குவாள். மின்விசிறி கழன்று விழுந்தால் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுத் தொட்டிலை நகர்த்துவாள். கழன்ற விசிறி சுற்றிக்கொண்டே வந்தால் என்ன செய்வது என்று மறுபடி நகர்த்துவாள். குழந்தை தூங்கினால் கால் மணிக்கு ஒருமுறை அதன் மூக்கின் கீழே ஆள்காட்டி விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வரும். இருந்தாலும் பார்ப்பாள்.

பதினாலு மாதத்தில் தமிழ்மொழி வீட்டை விட்டு வெளியே போனது தடுப்பூசிக்கும் காது குத்துவதற்கும்தான். வெளியே போனால் யாராவது ஊசியோடு நிற்பார்கள் என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருந்தது.

மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர் தெப்பக்குளம் வரைக்கும் வராதவளைக் கொச்சிக்குக் கூப்பிட்டால்? நிச்சயம் மாட்டேன் என்பாள். உடனே டில்லிபாபு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டும். 'உனக்காகத்தான் போட்டேன். இப்ப டிக்கெட் வீணாப் போவுது. சரி, உமரையாவது கூட்டிக்கினு போய்ட்டு வரேன்' என்று பெருமூச்சு விட வேண்டும். பெருமூச்சை அவன் கடையிலேயே இரண்டு முறை விட்டுப் பார்த்துக்கொண்டான். நன்றாகவே வந்தது.

"மச்சி, உனக்குள்ள இவ்ளோ கீதா!" என்று உமர் வியந்தான். உட்கார்ந்த இடத்திலேயே போனில் டிக்கெட்டும் போட்டான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில், திங்கட்கிழமை காலை திரும்பல். டில்லிபாபு, ஆண், 34. உமர் ஃபாரூக், ஆண், 36.

அன்று மாலை டில்லிபாபு வீட்டுக்குப் போனபோது லதா கேரட் மசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் போன் குப்புறக் கிடந்தது.

"லதா, நாம எங்கயாவது வெளியூர் போய் எவ்ளோ நாளாச்சு?"

"போன மாசம் தடுப்பூசிக்குப் போனோமே."

"அது வெளியூரா? நான் சொல்றது கொச்சி. அடுத்த வெள்ளிக்கிழமை. டிக்கெட்டே போட்டுட்டேன். உனக்கொண்ணு, எனக்கொண்ணு. பாப்பாவுக்கு டிக்கெட்டே வேணாம்."

லதா மசிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்னவோ இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டான். அவள் மறுப்பதற்குத் தன்னால் ஆன உதவியையும் செய்தான்.

"என்ன ஒண்ணு, ரயில்ல கூட்டம் நெரியும். பெர்த்து வேற மேல கொடுத்துட்டான். அந்த ஊர்ல எங்க பார்த்தாலும் தண்ணி. கொசு, ஒண்ணொண்ணும் குருவி சைஸு. படகுல லைஃப் ஜாக்கெட் தருவான், ஆனா பெரியவங்களுக்குத்தான்…"

லதாவின் முகம் நிஜமாகவே வெளுத்தது. கை தானாகக் குழந்தையை மடிக்கு இழுத்தது. டில்லிபாபுவுக்கு மனசில் ஓர் ஓரம் உறுத்தியது. அந்த ஓரத்தைக் கொச்சிப் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"பயமா இருக்குங்க," என்றாள்.

"அப்ப விடும்மா. உன்னைக் கஷ்டப்படுத்தி…" பெருமூச்சு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"ஆனா போகணும்."

பெருமூச்சு திரும்பிப் போனது. "இன்னாது?"

"எத்தனை நாள் இப்படியே இருக்கறது? அவ தும்மினா எனக்குக் காய்ச்சல் வருது. நான் கண்ணை எடுத்தா அவளுக்கு ஏதோ ஆயிடும்னு தோணுது. நான் கண் கொட்டாம பார்க்கறதாலதான் அவ வளர்றான்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியுது. ஆனா விரல் கேக்க மாட்டேங்குது." ஆள்காட்டி விரலைக் காட்டினாள். "சட்டுனு கொச்சின்னா முடியாது. இந்த சனி, ஞாயிறு இங்கயே ஒரு ஒத்திகை பார்ப்போம்."

"ஒத்திகையா?"

"நம்ம ஊர்லயும் கடல் இருக்கு, ஆறு இருக்கு. ஏதோ புது ஊருக்கு வந்த மாதிரி ரெண்டு நாள் சுத்துவோம். சரியா வந்துச்சுன்னா கொச்சி."

"வரலைன்னா?" கேள்வி கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது.

"வரலைன்னா நான் சொல்ற மாதிரி செய்யலாம். டிக்கெட்டை வீணாக்க வேணாம்."

டில்லிபாபுவுக்கு உள்ளுக்குள் நாதஸ்வரம் கேட்டது. கூட்டம், வெயில், அலை, பஜ்ஜி எண்ணெய். ஒத்திகை ஒரு மணி நேரம் தாங்காது. தாங்காதபடி அவன் பார்த்துக்கொள்வான்.

சனிக்கிழமை அவன் வேண்டுமென்றே பதினோரு மணி உச்சி வெயிலில் கிளப்பினான். லதா பையைத் தூக்கி அவன் தோளில் மாட்டினாள். அதில் குடை, வெந்நீர், ஆறின வெந்நீர், மூன்று செட் உடுப்பு, தெர்மாமீட்டர், தெர்மாமீட்டர் உடைந்தால் இன்னொரு தெர்மாமீட்டர் இருந்தன. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினார்கள். பேர்தான் அப்படி, பறக்காது, தண்டவாளத்தில்தான் போகும் என்று அவன் சொல்ல வேண்டியிருந்தது. கலங்கரை விளக்கம் ஸ்டேஷன் வரைக்கும் லதா ஜன்னல் கம்பியை விடவில்லை. தமிழ்மொழி எதிர் சீட்டு ஆளின் மூக்குக் கண்ணாடியை விடவில்லை.

மெரினா மணலில் இறங்கியதும் டில்லிபாபு தன் முதல் சதியை நடத்தினான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக அலைக்குப் போனான். அலையைப் பார்த்து அது வீறிட்டு அழும். லதா பதறுவாள். வீட்டுக்குப் போகலாம் என்பாள். கொச்சியில் மீன் காத்திருக்கும்.

அலை வந்தது. தமிழ்மொழி அதைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு யாருமே இவ்வளவு பெரிய விளையாட்டுப் பொருளைக் காட்டியதில்லை. 'ஹா!' என்றாள். அலை திரும்பிப் போனது. 'ஹா!' என்று மறுபடி கூப்பிட்டாள். அலை சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது. வந்து, டில்லிபாபுவின் இடது செருப்பை எடுத்துக்கொண்டு போனது.

"ஐயோ, செருப்பு!" என்றான் டில்லிபாபு.

"ஹா!" என்றாள் மகள்.

கரையில் லதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பயத்தில் என்று அவன் நினைத்தான். கிட்டே போனால் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

"ஏங்க, நீங்க பாப்பாவைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்க. நான் அந்தச் சுண்டல்காரர் வரைக்கும் போயிட்டு வரேன்."

"தனியாவா?"

"இருபது அடிதானே. நீங்க பார்த்துப்பீங்களா?"

"இது ஒரு கேள்வியா? நீ போ."

லதா நடந்தாள். ஓர் அடி வைத்தாள், திரும்பிப் பார்த்தாள். இன்னோர் அடி. திரும்பிப் பார்த்தாள். பாதி வழிக்கு மேல் பின்பக்கமாகவே நடந்தாள். இருபது அடிக்குள் பதினாலு முறை. சுண்டல்காரர் மேல் மோதிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

"சுண்டல்?"

"வாங்க மறந்துட்டேன். திரும்பப் போறேன்."

இரண்டாவது முறை ஒன்பது தடவை திரும்பினாள். சுண்டல் வந்தது. மூன்றாவது முறை மாங்காய் பத்தைக்குப் போனபோது ஐந்து. நாலாவது முறை எதற்கென்றே தெரியவில்லை, இன்னொரு சுண்டல். கொதிக்கும் மணலில் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டு டில்லிபாபு சாப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"கஷ்டமா இருக்கா?" என்றாள் லதா.

ஆமாம் என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். குழந்தையோடு சமாளிக்கவே முடியவில்லை என்று புலம்பியிருந்தால் சதி அங்கேயே ஜெயித்திருக்கும். ஆனால் பக்கத்தில் நாலு பேர் நின்று, குழந்தையை லாகவமாகத் தூக்கி வைத்திருக்கும் அப்பாவை மெச்சிக்கொண்டிருந்தார்கள். பெருமை குறுக்கே வந்து விழுந்தது.

"இதுல இன்னா கீது? புள்ளையைப் பார்த்துக்கறதெல்லாம் ஒரு வேலையா? நீ சும்மா பயப்படற. என்கிட்ட வுட்டா ஒரு வாரம்கூட ஒத்தையா பார்த்துப்பேன்."

"ஒரு வாரமா?"

"பத்து நாள்னு வெச்சுக்கயேன்."

லதா போனை எடுத்து எதையோ குறித்துக்கொண்டாள். மளிகை ஞாபகம் வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அடையாறு வழியாகப் பெசன்ட் நகர். பஸ்ஸில் நிற்க இடமில்லை. இதைவிடப் பொருத்தமாக ஒரு பஸ் அமையாது என்று டில்லிபாபு மகிழ்ந்தான். குழந்தையைப் பார்த்ததும் மூன்று பேர் எழுந்து சீட்டுக் கொடுத்தார்கள். பாலத்தின் மேல் போகும்போது ஆற்றில் வெள்ளையாகக் கொக்குகள். தமிழ்மொழி விரலை நீட்டினாள். லதாவும் ஜன்னலில் சாய்ந்து, குழந்தையைப் பார்க்காமல் ஒரு முழு நிமிஷம் கொக்கைப் பார்த்தாள். ஒத்திகை சரியாக வந்துவிடும் போலிருந்தது.

பெசன்ட் நகர் கடற்கரையில் அவன் பஜ்ஜியை வாயில் வைக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா டில்லிண்ணே! கொச்சிக்குப் போறீங்களாமே?"

ஷாகிரா. உமர் ஃபாரூக்கின் மனைவி. கறுப்பு புர்காவும் கையில் சோளக் கதிருமாக நின்றாள். கோபாலபுரத்தில் இருப்பவள் இங்கே எப்படி?

"காத்து வாங்க வந்தேன்," என்றாள் கேட்காமலே. "எங்க வூட்டுக்காரரும் அடுத்த வெள்ளிக்கெழமை மீட்டிங்கு போறாராம். எந்த ஊருக்குன்னு கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னாரு."

மிளகாய் பஜ்ஜி டில்லிபாபுவின் தொண்டையில் குறுக்கே நின்றது. ஷாகிரா முதுகில் ஓங்கி நாலு வைத்தாள். பஜ்ஜி இரண்டாவதிலேயே இறங்கிவிட்டது. மற்ற இரண்டும் எதற்கென்று அப்போது அவனுக்குப் புரியவில்லை.

"வா லதா, அந்தக் கடைசி வரைக்கும் நடந்துட்டு வரலாம். டில்லிண்ணே புள்ளையைப் பாத்துப்பாரு."

"அக்கா, அவ்வளவு தூரமா? கண்ணுக்கே தெரியாதே."

"அதான் சொல்றேன், வா."

லதா புருஷனைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். நடந்தாள். மூன்று முறை திரும்பினாள். அப்புறம் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

அடுத்த நாற்பது நிமிஷத்தில் டில்லிபாபுவின் வாழ்க்கையில் பல சம்பவங்கள் நடந்தன. தமிழ்மொழி ஒரு கைப்பிடி மணலைத் தின்றாள். அதைத் தோண்டி எடுப்பதற்குள் அவன் விரலைக் கடித்தாள். நின்ற இடத்தில் டயப்பரை நிறைத்தாள். நடுக் கடற்கரையில், எதிர்க் காற்றில், ஒரு கையால் டயப்பர் மாற்றுவது எப்படி என்று அவன் கற்றுக்கொண்டான். முதல் டயப்பர் பறந்து போய் ஒரு காதல் ஜோடிக்கு நடுவே இறங்கியது. மன்னிப்புக் கேட்டு வாங்கி வந்தான். மிச்சமிருந்த பஜ்ஜியைக் காக்கா கொண்டு போனது. ரசம் சாதம் ஊட்டினான். பாதி அவன் சட்டை சாப்பிட்டது. கடைசியில் அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்து, அவன் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். அசைந்தால் எழுந்துவிடுவாளோ என்று அவன் மூச்சைக்கூட பாதிதான் விட்டான். கால் மரத்துப்போய்ச் சிலையாக நின்றான். அந்த நேரத்தில், யாரும் பார்க்காதபோது, அவனுக்குக் கொச்சி ஞாபகமே வரவில்லை.

லதா திரும்பி வந்தாள். புடவை முழங்கால் வரைக்கும் ஈரம். முகத்தில் கல்யாணத்துக்கு முன்னால் ஸ்கூட்டரில் பார்த்த சிரிப்பு.

"அலைக்குள்ளயே போயிட்டாண்ணே இவ," என்றாள் ஷாகிரா. "மொதல் பத்து நிமிஷம் கழுத்து சுளுக்கற அளவுக்குத் திரும்பிக்கினே இருந்தா. அப்பால மறந்துட்டா."

லதா குழந்தையின் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு முறை.

வீட்டுக்கு வந்ததும் டில்லிபாபு தீர்ப்புக்குக் காத்திருந்தான். ஒத்திகை அமோக வெற்றி. மேல் பெர்த்தில் மூன்று பேரும் கொச்சிக்குப் போகப் போகிறோம். உமரின் டிக்கெட்டுக்கு என்ன பதில் சொல்வது? இல்லாத டிக்கெட்டில் பொண்டாட்டியை எப்படி ஏற்றுவது?

"ஏங்க," என்றாள் லதா. "நல்லா யோசிச்சுப் பார்த்தேன். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ராத்திரி பூரா ரயில்ல போறது சரிப்பட்டு வராது."

டில்லிபாபுவுக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தபடியே முகத்தைத் தொங்கப் போட்டான். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த பெருமூச்சை முழுசாக விட்டான். ஜன்னல் திரை ஆடியது.

"ஆசையாப் போட்ட டிக்கெட்டு. சரி, இன்னா பண்றது? உன் டிக்கெட்டுல உமர் வந்துடுவான்."

"அவருக்கு மீட்டிங்னாங்களே ஷாகிரா அக்கா?"

"கேன்சல்."

"எப்ப?"

"இப்பதான்… ஆயிருக்கும்."

"ஒருத்தர் டிக்கெட்ல இன்னொருத்தர் போகலாமா?"

"ரயில்வேல அதெல்லாம் சுளுவு. ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தா பேரை மாத்தித் தந்துடுவான்." சட்டென்று தோன்றியதை அடித்துவிட்டான்.

"அப்படியா?" லதாவின் முகம் மலர்ந்தது. "லெட்டர்தானே? நான் எழுதறேன்."

கான்வென்ட்டில் படித்தவளிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமும் லீவ் லெட்டர்தான் முக்கியப் பாடம். கோடு போட்ட தாள், இடது ஓரத்தில் மார்ஜின், மேலே தேதி, கீழே 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள'. கேஸ் கனெக்‌ஷன், குடிநீர் வாரியம், பேங்க், எதுவானாலும் வீட்டில் இங்கிலீஷ் லெட்டர் எல்லாம் லதாவின் இலாகா. டில்லிபாபுவின் வேலை, அவள் பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் ஒன்றைக்கூட அவன் படித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை லெட்டர் வந்தது. ஒரு பக்கம், மணி மணியான எழுத்து.

"ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க."

படித்தால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் அந்த டிக்கெட்டைக் காட்டுங்கள் என்பாள். டிக்கெட்டில் அவள் பேரே இல்லை. "உன் இங்கிலீஷுல நான் இன்னா தப்புக் கண்டுபிடிக்கப் போறேன்?" என்று பரபரவென்று கையெழுத்துப் போட்டான்.

"உங்க ஆதார் ஜெராக்ஸும் வேணும். கல்யாண சர்டிஃபிகேட் என்கிட்ட இருக்கு."

"அது எதுக்கு?"

"கவர்மென்ட் ஆச்சே. எதுக்கும் இருக்கட்டும். நானும் ஷாகிரா அக்காவும் இப்பவே ரிசர்வேஷன் கவுன்ட்டருக்குப் போய்க் கொடுத்துட்டு வந்துடறோம். பாப்பா இங்கயே இருக்கட்டும், நீங்கதான் பார்த்துப்பீங்களே."

கவுன்ட்டருக்கா! டில்லிபாபு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உமருக்குப் போன் போட்டான். "மச்சி, மாட்டிக்கினோம். கவுன்ட்டர்ல கம்ப்யூட்டரைத் தட்டினா உன் பேரு வந்துடும்."

"நடக்கறது நடக்கட்டும் மச்சி," என்றான் உமர். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது குரல்.

மத்தியானம் லதா திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. "வேலை முடிஞ்சுதுங்க. நீங்க சொன்ன மாதிரியே ரொம்பச் சுளுவு," என்றாள். டில்லிபாபு அந்தக் கவுன்ட்டர் கிளார்க் நீடூழி வாழ வேண்டுமென்று வாழ்த்தினான்.

வெள்ளிக்கிழமை அவன் நாலு மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு வந்தான். புதுச் செருப்பு வாங்கியிருந்தான். பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டான். லதாவே பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

"நாங்களும் ஸ்டேஷன் வரைக்கும் வரோம்," என்றாள்.

அவனுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. இவளைப் போய் ஏமாற்றுகிறோமே. கொச்சியிலிருந்து இவளுக்கு ஒரு நல்ல புடவை. இல்லை, நேந்திரங்காய் சிப்ஸ். இரண்டும்.

சென்ட்ரலில் எஸ்-5 பெட்டிக்கு முன்னால் உமர் நின்றான். கையில் பை இல்லை. பைக்குப் பதிலாக அவனுடைய இரண்டு மகன்கள், ஆளுக்கொரு கையில் தொங்கினார்கள். ஜன்னலுக்கு உள்ளே ஷாகிரா சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மச்சி இது?" என்றான் டில்லிபாபு.

"எனக்கு செவ்வாக்கெழமையே தெரியும் மச்சி," என்றான் உமர். "உன்கிட்ட சொன்னா வூட்டுக்குள்ளயே சேக்க மாட்டேன்னுட்டா."

"ரயில்வே அக்கவுன்ட்டு என் நம்பர்லதானே கீது!" என்று ஷாகிரா கம்பி வழியாகச் சொன்னாள். "இவரு டிக்கெட் போட்ட ஒடனே எனக்கு மெசேஜ் வந்துட்டுது. ரெண்டு ஆம்பள பேரு, போற தேதி, வர தேதி. இன்னா மீட்டிங்கு? அப்பவே லதாவுக்கு அனுப்பிட்டேன்."

டில்லிபாபு மெதுவாகத் திரும்பினான். குப்புறக் கிடந்த போன். கேரட். அந்தப் பார்வை.

"முதல்ல அழுகைதான் வந்துச்சு," என்றாள் லதா. சத்தம் போடாமல்தான் சொன்னாள். "பொய் சொன்னதுக்காக இல்ல. என் பயத்தை நம்பி டிக்கெட் போட்டீங்க பாருங்க, அதுக்கு. இவ கண்டிப்பா வர மாட்டான்னு அவ்வளவு உறுதியா இருந்தீங்களே."

டில்லிபாபு குனிந்து தன் புதுச் செருப்பைப் பார்த்தான்.

"அப்புறம் ரயில்வே ரூல்ஸைப் படிச்சேன். சிநேகிதருக்கெல்லாம் டிக்கெட்டை மாத்த முடியாதுங்க. குடும்பத்துக்குள்ளதான். புருஷன் டிக்கெட்டைப் பொண்டாட்டிக்கு மாத்தலாம். ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தா போதும். அதை நீங்களே சொன்னீங்க."

"அப்ப அந்த ஒத்திகை?"

"பாப்பாவுக்கில்லங்க. எனக்கு."

அவள் குழந்தையை இறுக்கி அணைத்து, உச்சியில் முகர்ந்து, அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிய பிறகும் அவள் கை ஒரு நிமிஷம் காற்றிலேயே நின்றது. அவன் கண்ணுக்கும் அது தப்பவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவாள். அது அவனுக்குத் தெரிந்தது. அந்த வார்த்தையை, இத்தனை நாள் செய்ததற்கெல்லாம் பரிகாரமாக, விழுங்கிவிட்டான்.

"போய்ட்டு வா லதா. நான் பாத்துக்கறேன்," என்றான். இந்த முறை பெருமைக்காகச் சொல்லவில்லை.

"பையைக் கொடுங்க."

"இது என் பை…" திறந்து பார்த்தான். மேலே அவளுடைய நீலப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. வீட்டிலிருந்து தோள் கடுக்க அவன் சுமந்து வந்தது அதைத்தான்.

பெட்டி வாசலுக்கு இருபது அடி. லதா ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். ஏறிவிட்டாள். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக நாலாக மடித்த தாளை நீட்டினாள். "ஹா!" என்று தமிழ்மொழி ரயிலுக்குக் கை நீட்டினாள். அலை மாதிரி திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்டாள்போல. "திங்கக்கிழமை வந்துடுவேன்! அடுத்த தடவை மூணு பேரும்!" என்று லதா கத்தினாள். அழுதாளா சிரித்தாளா என்று பார்ப்பதற்குள் ரயில் போய்விட்டது.

"நாம எங்க மச்சி போறது?" என்றான் உமர்.

"வூட்டுக்குத்தான்."

பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி உட்கார்ந்ததும் தமிழ்மொழி அவன் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். டில்லிபாபு தாளைப் பிரித்தான். கோடு போட்ட தாள், இடது ஓரத்தில் மார்ஜின், மேலே தேதி. ஐந்து வருஷத்தில் முதன்முறையாக அவள் எழுதியதை முழுசாகப் படித்தான். நல்லவேளை, தமிழ்.

'அன்புள்ள கணவருக்கு, ஒரு வாரம்கூட ஒத்தையா பார்த்துப்பேன் என்று சனிக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்குச் சொன்னீர்கள். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு அது பத்து நாள் ஆனது. நான் கேட்பது இரண்டே நாள். திராட்சையை நாலாக நறுக்கினால் போதும். எட்டு என்பது என் பைத்தியக்காரத்தனம். தெர்மாமீட்டர் இரண்டையும் நான் எடுத்துப் போகிறேன், வீட்டில் இருந்தால் நீங்கள் சும்மா வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். முக்கியமாக ஒன்று. தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்க்காதீர்கள். பதினாலு மாதமாகப் பார்த்துவிட்டேன், வருகிறது. தங்கள் கீழ்ப்படிதலுள்ள, ஸ்வர்ணலதா.'

டில்லிபாபு தாளை மடித்துப் பூப்போட்ட சட்டையின் பைக்குள் வைத்தான். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் இவள்? இவளைப் போலவா நான்? ஆண்பிள்ளை, பம்ப் கடை முதலாளி!

மந்தைவெளியில் இறங்குவதற்குள் அவன் பதினோரு முறை விரலை வைத்துப் பார்த்திருந்தான்.